கடன் வாங்கினது யாரு, கட்டுறது யாரு? மான்செஸ்டர் யுனைடெட் கணக்கு: கேள்வி பதில்

2025 மே மாதம் யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில் யுனைடெட் டாட்டன்ஹாமிடம் தோற்ற அன்றிரவு நண்பர்களுக்குள் பெரிய வாக்குவாதம். லீக்கில் அன்று பதினாறாவது இடம், கையில் கோப்பை இல்லை, ஆனால் வருமானம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, பணமெல்லாம் எங்கேதான் போகிறது என்று ஆரம்பித்து, கடைசியில் “நீங்கதான் ஆடிட்டர், நீங்களே சொல்லுங்க” என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1999 மே மாதம், பார்சிலோனா மைதானத்தில் கடைசி மூன்று நிமிடத்தில் ஷெரிங்ஹாமும் சோல்ஷாரும் பயர்னுக்கு எதிராகப் போட்ட இரண்டு கோலைத் திருச்சியில் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தவன் நான். பேச்சில் ஒருபக்கச் சார்பு இருக்கும். கணக்கில் இருக்காது.

சரவணன், கோவை: சார், கிளேஸர் குடும்பம் காசு கொடுத்துத்தானே கிளப்பை வாங்கினாங்க? சொந்தக்காரன் லாபம் எடுக்கிறது எந்தத் தொழில்ல இல்ல? இதுல என்ன தப்பு?

யாருடைய காசு என்பதுதான் விஷயம் சரவணன்.

2005-க்கு முன்னால் யுனைடெட் லண்டன் பங்குச் சந்தையில் இருந்த கம்பெனி. 1991-லேயே பட்டியலிட்டுவிட்டார்கள். சொல்லிக்கொள்ளும்படி கடன் எதுவும் கிடையாது. அமெரிக்காவின் டாம்பா பே பக்கனியர்ஸ் அணியின் சொந்தக்காரர் மால்கம் கிளேஸர் 2003-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வாங்கிச் சேர்த்தார். அப்போது பெரிய பங்குதாரர்களாக இருந்தவர்கள் அயர்லாந்தின் மெக்மானஸ், மாக்னியர் என்ற இரண்டு குதிரைப் பந்தயப் பணக்காரர்கள். ராக் ஆஃப் ஜிப்ரால்டர் என்ற பந்தயக் குதிரையின் இனப்பெருக்க உரிமையில் யாருக்கு எவ்வளவு என்று அவர்களுக்கும் பயிற்சியாளர் ஃபெர்குசனுக்கும் வழக்கு வரை போன தகராறு. 2005 மே 12 அன்று இருவரும் தங்கள் 28.7 சதவீதத்தையும் கிளேஸருக்கு விற்றுவிட்டு நடையைக் கட்டினார்கள். பாதிக்கு மேல் கைக்கு வந்ததும், மீதியை வளைத்துக் கம்பெனியைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார் கிளேஸர்.

கிளப்புக்குப் போட்ட விலை ஏறத்தாழ 79 கோடி பவுண்ட். அதில் 50 கோடிக்கு மேல் கடன். ஒரு பெரும் பகுதிக்கு அடமானம் யுனைடெட்டின் சொத்தேதான். நீங்கள் ஒரு வீட்டை வாங்குகிறீர்கள். வீட்டின் மேல் கடன், சரி, எல்லோரும் செய்வதுதான். ஆனால் மாதத் தவணையைக் கட்டுவது நீங்கள் இல்லை, அந்த வீட்டில் குடியிருப்பவர். அவர் வாடகையை ஏற்றினால் உங்கள் தவணை இன்னும் சுலபம். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, இங்கே தேங்காய் யுனைடெட்டுடையது, புண்ணியம் கிளேஸருடையது.

சட்டப்படி தப்பா என்றால், இல்லை. அந்தக் கோபம்தான் இருபது வருஷமாக எரிகிறது.

ஃபாத்திமா, சென்னை (சட்டக் கல்லூரி): சட்டப்படி எப்படி சார் சரியாகும்? ஒரு கம்பெனி தன் சொந்தப் பங்கை வாங்குறவருக்கே உதவி பண்ணலாமா?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் அம்மா. பொதுப் பங்கு நிறுவனம் தன் பங்கை வாங்குபவருக்குப் பண உதவியோ ஜாமீனோ தரக் கூடாது என்று அன்றைய பிரிட்டன் சட்டத்திலும் இருந்தது. ஆனால் தனியார் நிறுவனத்துக்கு, சில உறுதிமொழிகள் கொடுத்துவிட்டால் விலக்கு உண்டு. 2005-ல் கம்பெனியைச் சந்தையிலிருந்து எடுத்துத் தனியாராக மாற்ற அவ்வளவு அவசரம் ஏன் என்று இப்போது புரிகிறதா?

நம் 2013 கம்பெனிச் சட்டத்திலும் 67-ஆம் பிரிவு பொது நிறுவனங்களை அப்படியே தடுக்கிறது. பரீட்சையில் வந்தால் கிளேஸரை உதாரணமாக எழுதுங்கள், மார்க் போடுவார்கள்.

டேனியல், நாகர்கோவில்: பிஐகே கடன் பிஐகே கடன்னு சொல்றாங்களே, அது என்ன?

மீட்டர் வட்டிக்குக் கோட்டு சூட்டு போட்டால் அதுதான் பிஐகே.

வட்டியை மாதாமாதம் கட்ட வேண்டாம். கட்டாத வட்டி அசலோடு சேரும், அடுத்த வருஷம் அந்த வட்டிக்கும் வட்டி ஓடும். கிளேஸர்கள் இதை ஹெட்ஜ் ஃபண்டுகளிடம், அதாவது பெரும் லாபத்துக்காகப் பெரிய ஆபத்தை ஏற்கும் முதலீட்டு நிதிகளிடம், வாங்கினார்கள். 2006-ல் மறுசீரமைத்த பிறகு வட்டி 14.25 சதவீதம், 2010 ஆகஸ்டில் 16.25. இந்த வட்டியில் ஏறத்தாழ ஐந்து வருஷத்தில் அசல் இரண்டு மடங்காகிவிடும், கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். அந்த 2006 மறுசீரமைப்பு முடிந்தபோது மொத்தக் கடன் 66 கோடி பவுண்ட், வருஷத்துக்கு வட்டி மட்டும் 6 கோடிக்கு மேல். அதே காலத்தில்தான் களத்தில் தொடர்ந்து மூன்று லீக் பட்டம், 2008-ல் சாம்பியன்ஸ் லீக். ஃபெர்குசன் என்ற மனிதர் எத்தனை பேருடைய கணக்கை மறைத்துக்கொண்டிருந்தார் என்பது அவர் 2013-ல் போன பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

2010 ஜனவரியில் 50 கோடி பவுண்டுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு வங்கிக் கடனை அடைத்தார்கள். அதுவும் எட்டரை சதவீதத்தைத் தொட்ட வட்டிதான். பத்திரம் விற்க வேண்டுமானால் உள்விவரங்களை அச்சடித்துக் கொடுத்தாக வேண்டும். அப்போதுதான் கிளேஸர் குடும்பத்தார் கிளப்பிடமிருந்தே ஒரு கோடி பவுண்ட் கைமாற்று வாங்கியிருந்தது வெளியே தெரிந்தது. பிஐகே-ஐ 2010 நவம்பரில் ஒருவழியாக அடைத்தார்கள்.

ரமேஷ், பெங்களூரு (லிவர்பூல் ரசிகன், மன்னிக்கவும்): கடன் இல்லாத பெரிய கிளப் எது அண்ணா? டாட்டன்ஹாமுக்கு உங்களைவிட அதிகம். யுனைடெட்காரங்க மட்டும் ஏன் ஒப்பாரி வைக்கிறீங்க?

வாங்க ரமேஷ். உங்கள் கிளப்பையே எடுத்துக்கொள்வோம்.

2007-ல் ஹிக்ஸ், ஜில்லெட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் லிவர்பூலை இதே பாணியில் கடன் வாங்கித்தான் பிடித்தார்கள். புது மைதானத்துக்கு மண்வெட்டி இறங்கிவிடும் என்றார்கள், இறங்கவில்லை. 2010 அக்டோபரில் கடன் கொடுத்த வங்கி கழுத்தைப் பிடிக்க, நீதிமன்றம் வரை போய் 30 கோடி பவுண்டுக்குக் கை மாறியது. அன்றைக்குத் தெருவில் இறங்கிய லிவர்பூல் ரசிகர்களை நான் மனதாரப் பாராட்டினேன். அந்த வங்கி கொஞ்சம் பொறுமைசாலியாக இருந்திருந்தால் இன்று நீங்களும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அழுதுகொண்டிருப்பீர்கள்.

டாட்டன்ஹாம் விஷயம் வேறு. அவர்கள் ஏறத்தாழ 100 கோடி பவுண்டில் மைதானம் கட்டினார்கள். 2019-லிருந்து அந்த மைதானம் சம்பாதித்துக் கொடுக்கிறது. ஆர்சனல் 2006-ல் எமிரேட்ஸ் கட்டியதும் அப்படித்தான். பல வருஷம் நல்ல நல்ல ஆட்டக்காரர்களை விற்றுக் கடன் அடைத்தார்கள், வலித்தது, ஆனால் கையில் மைதானம் இருக்கிறது. கடன் வாங்கித் தறி போட்டவனும் கடன் வாங்கிக் கல்யாண மொய் எழுதினவனும் ஒன்றா? கிளேஸர் கடனில் யுனைடெட்டுக்கு ஒரு செங்கல் கூட வரவில்லை. பழைய பங்குதாரர்கள் பைக்குள் போனது அந்தப் பணம். ஓல்டு டிராஃபோர்டில் பெரிய விரிவாக்கம் கடைசியாக முடிந்தது 2006-ல், அதுவும் முந்தைய நிர்வாகம் போட்ட திட்டம். 2024 மே மாதம் ஆர்சனல் ஆட்டம் முடிந்து மழை கொட்டியபோது கூரையிலிருந்து குற்றால அருவி மாதிரி இறங்கியதை நீங்களும் சிரித்துக்கொண்டே பகிர்ந்தீர்கள், ஞாபகம் இருக்கிறது.

ப்ரியா, மதுரை: மொத்தமா எவ்வளவு வெளியே போயிருக்கும்?

வட்டி, மறுசீரமைப்புச் செலவு, பங்கு ஈவு எல்லாம் கூட்டினால் நூறு கோடி பவுண்டைத் தாண்டும். இன்றைய மதிப்பில் பதினோராயிரம் கோடி ரூபாய்க்கு மேல். பங்கு ஈவு தனிக்கதை. 2016 வாக்கிலிருந்து 2022 வரை வருஷத்துக்கு 2 கோடி பவுண்ட் அளவில் எடுத்தார்கள். பிரீமியர் லீக்கில் வருஷம் தவறாமல் ஈவு எடுக்கும் முதலாளி அபூர்வம். அபூர்வம் என்பது குற்றம் இல்லைதான், ஆனால் கூரை ஒழுகும் வீட்டில் அல்லவா எடுத்தார்கள்.

இவ்வளவு கட்டியும் அசல் குறையவில்லை என்பதையும் கவனியுங்கள். 2025-லும் நீண்ட காலக் கடன் 65 கோடி டாலர். இதில் 42.5 கோடிக்கு 3.79 சதவீத வட்டி, கெடு 2027. வட்டி மலிவாக இருந்த காலத்தில் வாங்கியது. புதுப்பிக்கும்போது அதே விலைக்குக் கிடைக்காது. கடன் டாலரில், வருமானம் பவுண்டில். அதனால் யாரும் ஒரு ரூபாய் வாங்காமலே சில காலாண்டில் கடன் ஏறியும் இறங்கியும் தெரியும். பத்திரிகைத் தலைப்பைப் பார்த்துப் பதறாதீர்கள்.

அருண், திருநெல்வேலி: பதினைஞ்சாவது இடத்துல முடிச்சும் வருமான சாதனைன்னு எப்படி சொல்றாங்க? அப்புறம் ஏன் நட்டம்?

2024/25 வருமானம் 66.65 கோடி பவுண்ட், கிளப் வரலாற்றிலேயே அதிகம். நட்டம் 3.3 கோடி. அதற்கு முந்தைய வருஷம் 11.3 கோடி நட்டம்.

வருமானத்தில் பாதி விளம்பரதாரர், ஜெர்சி, வணிக ஒப்பந்தம். அவையெல்லாம் நாலு வருஷம், பத்து வருஷம் என்று முன்னாலேயே கையெழுத்தானவை. அடிடாஸ் பத்து வருஷத்துக்கு 90 கோடி பவுண்ட் தருகிறது. நேற்று தோற்றதால் இன்று அது குறையாது. பழைய ஜமீன் வீடு மாதிரி. நிலம் கைவிட்டுப் போனாலும் பேருக்கு இருக்கும் மரியாதையில் பத்து இருபது வருஷம் ஓடும். சாம்பியன்ஸ் லீக்கில் இல்லாவிட்டால் வெட்டு விழும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மெதுவாகத்தான் கடிக்கும்.

செலவுப் பக்கம் வட்டி இருக்கிறது, அதைவிட மடத்தனம் அதிகம் இருக்கிறது. 2024 ஜூலையில் பயிற்சியாளர் டென் ஹாகுக்கு ஒப்பந்தத்தை நீட்டித்து, அக்டோபரில் அனுப்பினார்கள். அவருக்கும் அவர் ஆட்களுக்கும் இழப்பீடு ஒரு கோடி பவுண்டுக்கு மேல். விளையாட்டு இயக்குநர் டேன் ஆஷ்வொர்த்தை வேறொரு கிளப்பிலிருந்து மாதக்கணக்கில் காத்திருந்து கூட்டி வந்து, ஐந்தே மாதத்தில் வழியனுப்பினார்கள். இதற்குக் கிளேஸரை மட்டும் திட்டினால் நியாயம் ஆகாது.

அருண் மறுபடியும்: அப்ப ஆன்டனிக்குக் கொடுத்த காசும் ஒரே வருஷத்துல நட்டமா வருமா?

வராது. 2022-ல் அயாக்ஸிடமிருந்து ஏறத்தாழ 8 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள், ஐந்து வருஷ ஒப்பந்தம். கணக்கில் வருஷத்துக்கு 1.6 கோடியாகப் பிரித்து எழுதுவோம், கடைக்காரர் ஃப்ரிட்ஜுக்குத் தேய்மானம் எழுதுகிற மாதிரி. இடையில் விற்றால், மீதம் இருக்கும் புத்தக மதிப்பைவிட எவ்வளவு குறைவாகப் போகிறதோ அவ்வளவும் அன்றைக்கே நட்டம்.

கிளப்பின் அகாடமியில் வளர்ந்த பையனுக்குப் புத்தக மதிப்பு பூஜ்யம். விற்றால் வந்தது அத்தனையும் லாபம். அதனால்தான் 2024-ல் மெக்டாமினேவை 2.5 கோடி பவுண்டுக்கு நாப்போலிக்கு அனுப்பியபோது நிதிப்பிரிவில் சிரித்திருப்பார்கள். அடுத்த மே மாதம் அவன் இத்தாலி லீக் பட்டத்தோடு அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினான். வீட்டில் காய்த்த மாம்பழத்தைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, கடையில் கல் வைத்துப் பழுத்ததை வாங்கித் தின்பதற்குக் கணக்கு விதிகளே ஆசை காட்டுகின்றன.

வெளியே தெரியாத இன்னொரு கடன் இருக்கிறது. ஆட்டக்காரர்களைத் தவணையில் வாங்குவார்கள். அப்படி யுனைடெட் மற்ற கிளப்புகளுக்குத் தர வேண்டிய பாக்கி 30 கோடி பவுண்டைத் தாண்டியிருக்கிறது. தெருமுனை மளிகைக் கடை நோட்டுக் கணக்குதான். வங்கிக் கடனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த நோட்டைப் புரட்டுவதில்லை.

விக்னேஷ், சேலம்: மூன்று வருஷ நட்ட வரம்பு விதி கிளேஸர்களைக் கட்டுப்படுத்தாதா?

மூன்று வருஷத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் கூடாது என்பது 2025/26 சீசன் வரைக்குமான பிரீமியர் லீக் விதி. எவர்டனுக்கு 2023-ல் பத்துப் புள்ளி வெட்டி, மேல்முறையீட்டில் ஆறாகக் குறைத்தார்கள். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். கிளேஸர் வாங்கிய கடனுக்கு யுனைடெட் கட்டும் வட்டியும் அந்த விதிப்படி செலவுக் கணக்கில்தான் வந்தது. வட்டி எவ்வளவோ அந்த அளவுக்கு ஆட்டக்காரர் வாங்கும் வரம்பு சுருங்கியது. முதலாளியைக் கட்டக் கொண்டுவந்த கயிறு, மாட்டியதோ அணியின் காலில்.

மாலதி, லண்டன்: அண்ணா, ராட்க்ளிஃப் உள்ளூர்க்காரர், ரசிகர், எல்லாம் மாறும்னு நம்பினோம். என் பையனுக்கு டிக்கெட் 66 பவுண்ட் ஆச்சு. இதுக்கா நம்பினோம்?

மாலதி, அந்த 66 பவுண்ட் விஷயத்தில் எனக்கும் ஆறவில்லை. 2024 நவம்பரில், சீசன் நடுவிலே, மிச்சம் இருந்த உறுப்பினர் டிக்கெட் எல்லாவற்றுக்கும் ஒரே விலை, சிறுவருக்கும் முதியவருக்கும் சலுகை இல்லை என்று மாற்றினார்கள். அதில் கிடைத்த பணம் இவ்வளவு பெரிய கணக்கில் சில்லறை. போனது மரியாதை.

பிரிட்டன் கோடீஸ்வரர் ஜிம் ராட்க்ளிஃப் ஃபெயில்ஸ்வொர்த்தில் பிறந்தவர், மான்செஸ்டர் பக்கத்துக்காரர்தான். 2022 நவம்பர் 22 அன்று கிளேஸர்கள் கிளப்பை விற்கவும் தயார் என்று அறிவித்தார்கள். ரொனால்டோ ஒப்பந்தம் முறிந்த அதே நாள். கத்தாரின் ஷேக் ஜாசிம் முழுசாகக் கேட்டார், ராட்க்ளிஃப் பகுதியாகவும் சரி என்றார். பேரம் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்து, 2024 பிப்ரவரியில் முடிந்தது. கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், பங்குக்கு 33 டாலர், மொத்தம் ஏறத்தாழ 125 கோடி பவுண்ட்.

இங்கேயும் நான் கேட்கும் அதே கேள்வியைக் கேளுங்கள், பணம் எங்கே போனது? பெரும்பகுதி பங்கு விற்றவர்களுக்கு. கிளப்புக்குள் வந்தது 30 கோடி டாலர். அதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன், 2005-லிருந்து ஒரு சொந்தக்காரர் உள்ளே போட்ட உருப்படியான தொகை அது ஒன்றுதான். ஆனால் ஓட்டுப் பெரும்பான்மை இன்னும் கிளேஸர்களிடம். கால்பந்துப் பொறுப்பும் கெட்ட பேரும் ராட்க்ளிஃபிடம். கிளேஸர்களுக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு கிடைக்குமா?

சிக்கனம் என்று 2024-ல் 250 பேரை அனுப்பினார், 2025-ல் இன்னும் 200 பேர் வரை. கிளப்பின் தூதர் என்று ஃபெர்குசனுக்குக் கொடுத்த சம்பளம் நிறுத்தம். ஊழியர்களின் இலவச மதியச் சாப்பாடு நிறுத்தம். இதெல்லாம் இல்லாவிட்டால் வருஷக் கடைசிக்குள் ரொக்கம் தீர்ந்திருக்கும் என்று அவரே சொன்னார். ரொக்க நிலைமை மோசம் என்பதைக் கணக்குப் பார்த்த நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தணிக்கைக்குப் போன இடங்களில் ஒன்று பார்த்திருக்கிறேன். சிக்கனம் என்றால் டீ, பிஸ்கட்டில்தான் கை வைப்பார்கள், முதலாளி வீட்டுக் கார் டீசல் பில்லை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

செல்வா, சிங்கப்பூர்: நியூயார்க்கில் யுனைடெட் பங்கு வாங்கிப் போடலாமா? நம்ம சிங்கப்பூரில் வர்றதா இருந்துச்சே?

ஆமாம், 2011-ல் சிங்கப்பூர் சந்தைக்குத்தான் வருவதாக இருந்தது. பிறகு திசை மாறி 2012 ஆகஸ்டில் நியூயார்க். 16-லிருந்து 20 டாலர் வரை எதிர்பார்த்து, கடைசியில் 14 டாலருக்கு விற்றார்கள். அதில் பாதிப் பணம் கடன் அடைக்க, மீதிப் பாதி குடும்பத்துக்கு. நீங்கள் வாங்கும் ‘ஏ’ வகைப் பங்குக்கு ஒரு ஓட்டு, கிளேஸர்களிடம் இருக்கும் ‘பி’ வகைக்குப் பத்து ஓட்டு. கம்பெனி பதிவு கேமன் தீவில். 2025 ஏப்ரலில் விலை மறுபடி 14 டாலரை ஒட்டித்தான் இருந்தது. ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டுமானால் ஒன்று வாங்குங்கள்.

கேட்கிறேனே என்று கோபப்படாதீர்கள், உங்கள் ஊர் பீட்டர் லிம் 2014-ல் வாங்கிய வலென்சியாவின் ரசிகர்களிடம் கேட்டுப் பார்த்தீர்களா? ‘லிம், வீட்டுக்குப் போ’ என்று மெஸ்தாயா மைதானத்தில் மஞ்சள் அட்டை பிடிக்கிறார்கள். 2009-ல் வேலை நின்ற புது மைதானம் எலும்புக்கூடாகவே கிடந்து, 2025 தொடக்கத்தில்தான் மறுபடி ஆள் இறங்கியது. கடன் வாங்கிய முதலாளி மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்காமல் இருக்க இது நல்ல உதாரணம்.

கோகுல், நாமக்கல்: எங்க ஊர் கோழிக்காரங்க யாராவது ஒரு கிளப்பை வாங்கினா நல்லா நடத்துவாங்க.

புனேயின் கோழிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள் கோகுல். வெங்கீஸ் குடும்பம், பிளாக்பர்ன் ரோவர்ஸ், 2010 நவம்பர், 2.3 கோடி பவுண்ட். 1995-ல் பிரீமியர் லீக் பட்டம் வென்ற அணி. 2012 மே மாதம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய அன்று, கிளப் கொடியைப் போர்த்தி உயிருள்ள கோழி ஒன்றையே மைதானத்துக்குள் விட்டார்கள் ரசிகர்கள். 2017-ல் மூன்றாம் பிரிவு வரை போய் வந்தார்கள்.

ஆனால் அவர்களைக் கிளேஸரோடு ஒரே தராசில் வைக்க மாட்டேன். வெங்கீஸ் பணம் எடுக்கவில்லை, கோடி கோடியாகப் போட்டார்கள். எதற்குப் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டதுதான் குறை.

தர்ஷன், யாழ்ப்பாணம்: அண்ணை, ஜெர்மனியில ரசிகர்மார்தானே கிளப்பை வைச்சிருக்கினம். அதை இங்கிலாந்திலயும் கொண்டுவந்தா பிரச்சினை தீராதோ?

ஜெர்மனியில் ஐம்பதுடன் ஒன்று என்ற விதி. ஓட்டில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். லெவர்குசன், வொல்ஃப்ஸ்பர்க் மாதிரி சில விலக்குகள். கிளேஸர் மாதிரி ஒருவர் அங்கே நுழையவே முடியாது. நின்று பார்க்கும் இடத்துக்கு டிக்கெட்டும் மலிவு.

ஆனால் தம்பி, உறுப்பினர்களே முதலாளியாக இருக்கிற பார்சிலோனாவையும் பாருங்கள். 2021-ல் 135 கோடி யூரோ கடன். மெஸ்ஸியை வைத்துக்கொள்ள முடியாமல் கண்ணீரோடு அனுப்பினார்கள். தேர்தலில் ஜெயிக்க வேண்டிய தலைவருக்குக் கடன் வாங்கி ஆட்டக்காரரை வாங்குவது இனிப்பாகத்தான் இருக்கும், அடைக்கப்போவது அடுத்த தலைவர். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் இருக்கும் நூறு கோடி பவுண்ட் கிளப்புகளை ரசிகர்கள் கைக்கு மாற்ற யார் பணம் கொடுப்பது என்பதற்கு எனக்கு விடை தெரிந்திருந்தால் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சுந்தர், கோலாலம்பூர்: இருபது வருஷமா போராட்டம் பண்ணி என்னங்கண்ணே சாதிச்சாங்க?

விற்க வைக்க முடியவில்லை. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்பது சரியில்லை.

2005-லேயே ஒரு கூட்டம் வெளியேறி எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தனிக் கிளப் தொடங்கியது. ஆளுக்கு ஒரு ஓட்டு. அடிமட்டப் பிரிவுகளில் ஆரம்பித்து, 2015-ல் பிராட்ஹர்ஸ்ட் பார்க் என்று சொந்த மைதானமே கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு பென்ஃபிகா அணி வந்து ஆடியது. 2010-ல் பச்சை, தங்க நிற ஸ்கார்ஃப் இயக்கம். அது 1902-க்கு முன்னால் நியூட்டன் ஹீத் என்று ரயில்வே தொழிலாளர் அணியாக இருந்த காலத்து நிறம். ஏசி மிலானுக்காக ஆட வந்த பெக்கமே ஆட்டம் முடிந்ததும் அதை எடுத்துக் கழுத்தில் போட்டார். அதே சமயம் சில பணக்கார ரசிகர்கள் ‘ரெட் நைட்ஸ்’ என்று சேர்ந்து வாங்கப் பார்த்து, கிளேஸர் கேட்ட விலையில் பின்வாங்கினார்கள்.

2021 ஏப்ரலில் சூப்பர் லீக் அறிவிப்பு, ஐரோப்பாவின் பணக்கார கிளப்புகள் தங்களுக்குள் தனிப் போட்டி நடத்தும் திட்டம். பன்னிரண்டு கிளப்புகள், யுனைடெட்டின் ஜோயல் கிளேஸர் அதில் துணைத் தலைவர். மூன்று நாளுக்குள் ஆறு இங்கிலாந்து கிளப்பும் விலகின. மே 2 அன்று ரசிகர்கள் ஓல்டு டிராஃபோர்டுக்குள்ளேயே புகுந்து லிவர்பூல் ஆட்டத்தைத் தள்ளிவைக்க வைத்தார்கள். ரசிகர் கலாட்டாவால் ஒரு பிரீமியர் லீக் ஆட்டம் நடக்காமல் போவது என்பது அந்த ஊரில் சாதாரணம் இல்லை. அந்த அதிர்ச்சியில் அரசாங்கம் போட்ட ஆய்வுக் குழுவின் பரிந்துரைதான் கடைசியில் 2025 ஜூலையில் சட்டமாகி, கால்பந்துக்கென்று சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையம் வந்தது.

சுந்தர்: அந்த ஆணையம் கிளேஸர்களை வெளியேத்துமா?

வெளியேற்றாது. அது பெரி மாதிரிக் கிளப்புகளுக்காகத்தான் முதன்மையாக. மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர், 1885-ல் தொடங்கியது, இரண்டு தடவை எஃப்ஏ கோப்பை. 2018-ல் ஒரு பவுண்டுக்குக் கை மாறி, அடுத்த வருஷம் ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. அந்த ஊரில் சனிக்கிழமை மதியம் போக இடமில்லாமல் நின்றவர்களோடு ஒப்பிட்டால் நம் புலம்பல் பணக்கார வீட்டுப் புலம்பல்தான். புதிய முதலாளி பணம் எங்கிருந்து கொண்டுவருகிறார், கிளப்பை எப்படி நடத்தப்போகிறார் என்று ஆணையம் கேட்கும். 2005-ல் இப்படிக் கேட்க ஆள் இருந்திருந்தால்?

நிவேதா, சென்னை: ஒரு லட்சம் பேர் உட்காரும் புது மைதானம்னு படம் காட்டினாங்களே, காசு?

2025 மார்ச்சில் நார்மன் ஃபாஸ்டர் வரைந்த படம். மேலே கூடாரம் மாதிரி மூன்று கம்பங்கள். மதிப்பீடு 200 கோடி பவுண்ட். அறிவிப்பில் படம் இருந்தது, பணத்துக்கான பத்தி இல்லை. கடனாகத்தான் வரும், இந்தத் தடவை அந்தக் கடனுக்கு மைதானமாவது மிஞ்சும் என்பதால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் முதல் 65 கோடி டாலர் தோளில் இருக்கும்போதே இரண்டாவது மூட்டையைத் தூக்குகிறோம். 2005-ல் கடன் இல்லாமல் விட்டிருந்தால், வட்டிக்குப் போன பணத்தில் பாதி மைதானம் எப்போதோ எழும்பியிருக்கும்.

பாஸ்கர், தஞ்சாவூர்: கடைசியா ஒண்ணு சார். பையன் பிறந்தநாளுக்கு யுனைடெட் ஜெர்சி கேக்கிறான். வாங்கினா கிளேஸருக்குத்தானே காசு போகும்?

அடிடாஸ் தரும் தொகை பெரும்பாலும் முன்பே பேசி முடித்தது. நீங்கள் வாங்கும் ஒரு ஜெர்சியால் கிளேஸர் வீட்டில் ஒரு விளக்குக் கூட எரியாது, வாங்காவிட்டால் ஒன்றும் அணையாது. பையன் கேட்பது புரூனோ ஃபெர்னாண்டஸை, ஜோயல் கிளேஸரை இல்லை. வாங்கிக் கொடுங்கள். ஒரு அளவு பெரிதாக எடுங்கள், அடுத்த சீசனும் போடலாம்.